நாரும் ரெசினும் ஒட்டாமல் உரிகிறதா? உடைந்த துண்டை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழிமுறை

ஃபைபர் பாகம் என்பது கண்ணாடி நாரை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தியது. அது ஒன்று உடைந்து திரும்பி வந்தால் பட்டறையில் முதல் திட்டு ரெசினுக்குத்தான் விழும். ரெசின் மட்டம், வேற கம்பெனி மாத்து, கொஞ்சம் விலை கூடினதா வாங்கு என்பார்கள். ஓசூர் பக்கம் 15 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், நானும் டிரம் டிரம்மாக மாற்றிப் பார்த்தவன்தான். கடைசியில் பெரும்பாலும் தப்பு ரெசினிலும் இல்லை, நாரிலும் இல்லை. இரண்டும் தொடுகிற அந்த மெல்லிய இடத்தில், அதுவும் ரெசின் வந்து சேருவதற்கு முன்னாலேயே நாரின்மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்றில் இருந்தது. ஈரம், எண்ணெய், தூசி, இல்லை என்றால் இந்த ரெசினுக்குப் பொருந்தாத பூச்சு. அதனால் அடுத்த டிரம்முக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கீழே உள்ளதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: உடைந்த முகம்

உடைந்த துண்டைக் குப்பையில் போடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். நகை ஆசாரி கண்ணில் வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல வெயிலில் உடைந்த முகத்தைச் சாய்த்துப் பாருங்கள். நார்கள் பிரஷ் மாதிரி நீளமாக வெளியே நிற்கின்றனவா, அந்த நாரின்மேல் ரெசின் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றனவா, இல்லை கழுவி வைத்த கண்ணாடி மாதிரி பளபளவென்று வெறுமையாக இருக்கின்றனவா? வெறும் நார் என்றால் பிடிப்பு இல்லை. ரெசின் சில்லு சில்லாக நாரோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது, உடைந்த காரணம் வேறு: கனம் போதவில்லை, டிசைன் தப்பு, அதிக பாரம். இந்த ஒரு பார்வையிலேயே பாதிப் பிரச்சினை பிரிந்துவிடும்.

நார் பளிச்சென்று உருவிக்கொண்டு வருகிறது, ரெசினோ நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கிறது

இது ஜோடிப் பொருத்தம் தப்பிப்போன அறிகுறி. கண்ணாடி நாரை இழுக்கும்போதே அதன்மேல் ஒரு பூச்சு போட்டுத்தான் அனுப்புகிறார்கள், சைஸிங் என்பார்கள். தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும், நூல் அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி. கண்ணாடிக்கு அதோடு இன்னொரு வேலையும் உண்டு, அந்தப் பூச்சுக்குள் சிலேன் என்ற ஒரு பொருள் இருக்கும். அதன் ஒரு முனை கண்ணாடியோடு வேதியியலாகவே இணையும், மறுமுனை ரெசினோடு இணையும். பாலியெஸ்டர், வினைல் எஸ்டர், எபாக்சி என்று ரெசினில் பல வகை, இந்த மறுமுனைதான் ரெசினுக்கு ரெசின் வேறுபடும். பாலியெஸ்டருக்கும் வினைல் எஸ்டருக்கும் மெத்தாக்ரைல் வகை சிலேன், எபாக்சிக்கு அமினோ வகை அல்லது எபாக்சி வகை. பாலியெஸ்டருக்கென்று செய்த நாரை எடுத்து எபாக்சியில் போட்டால் நனையும், கெட்டிப்படும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

எனவே முதலில் ரோலின் லேபிளைப் பாருங்கள், எந்த ரெசினுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பார்கள். லேபிள் கிழிந்த ரோலை விலை குறைச்சலாகத் தருகிறார்கள் என்று பாரம் தாங்கும் பாகத்துக்கு வாங்காதீர்கள்.

மேட், அதாவது நறுக்கிய நாரைப் பாய் மாதிரி ஆக்கியது, அதன் விஷயத்தில் இன்னொரு குழி இருக்கிறது. நறுக்கிய நாரை மேட்டாகப் பிடித்து வைத்திருக்கும் பைண்டர், பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைந்தால்தான் மேட் இளகி மோல்டின், அதாவது அச்சின், வளைவுக்குப் படியும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. எமல்ஷன் பைண்டர் போட்ட மேட்டில் எபாக்சியை ஊற்றிவிட்டு ரோலர் போட்டுக்கொண்டே இருந்தாலும் அது அட்டை மாதிரி விறைத்துத்தான் நிற்கும், நார்க்கட்டுக்கு உள்ளே ரெசின் போகாது. எபாக்சிக்குத் துணி போடுங்கள், இல்லை தையல் போட்ட மேட் போடுங்கள். கார்பன் துணிக்கும் இதே கதைதான், ஆனால் தலைகீழாக: கடையில் கிடைக்கும் கார்பன் துணியில் பெரும்பாலும் எபாக்சிக்கான பூச்சுதான் இருக்கும். பைக் பாகம் செய்கிற பையன்கள் அதைச் சாதாரண பாலியெஸ்டரில் முக்கிவிட்டு, கார்பன் போட்டும் பலமே இல்லையே என்று கேட்கிறார்கள். பலம் நாரில் இருக்கிறது, அது ரெசினுக்குப் போய்ச் சேரவில்லை.

சிலேன் பூச்சு இல்லாத கண்ணாடித் துணி கையில் சிக்கினால், அதாவது தறியிலிருந்து ஸ்டார்ச்சும் எண்ணெயுமாக அப்படியே வந்த துணி என்றால், அதைச் சூட்டில் சுத்தம் செய்து சிலேன் ஏற்றாமல் போடவே கூடாது. சிலேன் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. தண்ணீரில் அசிட்டிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 4 பக்கம் கொண்டுவந்து, மெத்தாக்ரைல் சிலேனை அரை முதல் ஒரு சதவீதம் வரை சேர்த்துக் கலக்குங்கள். முதலில் எண்ணெய்த் துளி மாதிரி மிதக்கும், ஒரு மணி நேரம் போலக் கலக்கிக்கொண்டிருந்தால் தெளிந்துவிடும், தெளிந்த பிறகுதான் துணியை முக்க வேண்டும். வடியவிட்டு 110 டிகிரி சூட்டில் காயவையுங்கள், அந்தச் சூட்டில்தான் கண்ணாடியோடு பிணைப்பு முழுமையாகும். கரைசலை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே கோத்துக்கொண்டு கலங்கிப்போகும். அமினோ வகைக்கு அமிலம் தேவையில்லை. பலம் கூடும் என்று அளவைக் கூட்டாதீர்கள், தடியாகப் படிந்த சிலேனே பலவீனமான ஒரு அடுக்காகிவிடும். லேபிளில் ஏற்கெனவே சிலேன் பூச்சு என்று இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

பாகம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெள்ளை

இதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன்.

ஐப்பசி மாதம், நாலு நாள் அடைமழை. காவேரிப்பட்டினம் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலை ஒன்றுக்குத் தொட்டி மூடிகள் செய்துகொண்டிருந்தோம். மேட் ரோல்கள் சிமெண்ட் தரையில், சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தன, மேலே தார்ப்பாய் போட்டிருந்ததால் நனையவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். வெட்டுகிற பையன் மேட்டைக் கையில் வாங்கியதுமே, "அண்ணா, மேட் சில்லுன்னு இருக்கு" என்றான். தொட்டுப் பார்த்தேன், ஈரம் தெரியவில்லை. "ரெசின் விட்டா சரியாப் போயிடும், போடு" என்றேன். ரெசின் நன்றாக இறங்கியது மாதிரிதான் இருந்தது, ஆனால் கெட்டிப்பட்ட பிறகு மூடி முழுக்க நார்க்கட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன, நல்ல பாகமாக இருந்தால் அவை ரெசினுக்குள் மறைந்து போயிருக்க வேண்டும். மேலே பெயிண்ட்தானே அடிக்கப் போகிறோம் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த சீசனில் மூடிகள் திரும்பி வந்தன, ஓரத்தைக் கையால் வளைத்தால் அடுக்கடுக்காகப் பிரிந்தது. பையன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். கண்ணாடியின் மேற்பரப்புக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றில் உள்ள ஈரமே போதும், நாரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிந்துவிடும், ரெசின் அந்தப் படலத்தின்மேல்தான் உட்காரும். பாலியெஸ்டர் கெட்டிப்படுவதையும் ஈரம் நாரின் பக்கத்திலேயே கெடுக்கும்.

மேட்டின் ஈரம் பொதுவாக 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நீங்களே அளக்கலாம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் சரியாக ஒரு சதுர மீட்டர் வெட்டி, 0.1 கிராம் காட்டும் தராசில் எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறுவதற்குள் மறுபடி எடை போடுங்கள். 0.9 கிராமுக்கு மேல் குறைந்தால் ரோலில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி வந்தால் ரோலைப் பிரித்துச் சூடான அறையில், 60 டிகிரி போல, ராத்திரி முழுக்க விடுங்கள். அடுப்பு இல்லாதவர்கள் தகரக் கொட்டகைக்குள் ஹாலஜன் விளக்கு வைத்து ஒரு அலமாரி கட்டிக்கொள்ளலாம், நாங்கள் அதைத்தான் செய்தோம், ஆனால் ரெசினும் அசிட்டோனும் இருக்கும் இடத்திலிருந்து அது தள்ளி இருக்க வேண்டும். ரோல் தரையில் படக்கூடாது, மரக்கட்டைமேல் நிற்கட்டும், பிளாஸ்டிக் உறையை அன்றைய தேவைக்கு மட்டும் பிரியுங்கள். இன்னொன்று, குளிர்ந்த குடோனிலிருந்து எடுத்துவந்த ரோலை உடனே பிரித்தால் அதன்மேல் காற்றின் ஈரம் வியர்த்துவிடும், உறையோடு பட்டறைச் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

வெள்ளை பாகம் முழுக்க இல்லாமல் அங்கங்கே மட்டும் என்றால் ஈரம் காரணமாக இருக்காது. ரெசின் போதவில்லை, அல்லது ரோலர் போதவில்லை. கை வேலையில் ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ ரெசின் இறங்க வேண்டும். முதலில் மோல்டில் ரெசின், அதன்மேல் மேட், பைண்டர் கரைய ஒன்றிரண்டு நிமிஷம் பொறுத்து அப்புறம் ரோலர். காய்ந்த மேட்டை விரித்து மேலே ஊற்றினால் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும். கிருஷ்ணகிரியில் கிரானைட் பாலீஷ் பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் வேலை செய்கிறீர்கள் என்றால் விரித்து வைத்த மேட்டில் விரலைத் தேய்த்துப் பாருங்கள், சாம்பல் நிறத் தூள் வந்தால் அதுவும் ஒரு காரணம். அதைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதித் தள்ளாதீர்கள், எண்ணெய் வடிகட்டி இல்லாத கம்ப்ரஸர் தூசியை எடுத்துவிட்டு எண்ணெயைப் பூசிவிடும்.

மார்கழியில் மட்டும் வருகிற கோளாறு

வெயில் காலத்தில் நன்றாக வந்த அதே பாகம் டிசம்பர், ஜனவரியில் வளவளவென்று இருக்கிறது, அசிட்டோன் துணியால் தேய்த்தால் மேற்பரப்பு பிசுபிசுக்கிறது. தருமபுரிக்காரர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 15 டிகிரிக்குக் கீழே ரெசின் தடித்துவிடும், நார்க்கட்டுக்குள் ஏறாது, கெட்டிப்படுவதும் பாதியில் நின்றுபோகும். மத்தியானம் வெயில் வந்தால் மிச்சம் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம், நின்றுபோனது பல நேரம் முழுமையாகத் திரும்பாது. பலர் இதற்குக் கேட்டலிஸ்ட்டை, அதாவது ரெசினைக் கெட்டிப்பட வைக்கும் எம்இகேபி என்ற திரவத்தை, கூட்டுவார்கள். ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள்தான் எம்இகேபி இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் கெட்டிப்படாத மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். சரியான வழி, டிரம்மையும் மோல்டையும் ராத்திரியே சூடான அறையில் வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் வேலை ஆரம்பிப்பது. கெட்டிப்பட்ட மறுநாள் பாகத்தை 60 முதல் 80 டிகிரி வரை சில மணி நேரம் சூடாக்கினால் இன்னும் நல்லது. கடினத்தை அளக்கும் பார்கால் மீட்டர் கையில் இருந்தால் சாதாரண பாலியெஸ்டருக்கு 40 பக்கம் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கெட்டிப்படுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் எம்இகேபியையும் அவசரத்தில் ஒரே டப்பாவில் நேராகக் கலக்கிவிடாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் மற்றது. அளக்கும் குவளையும் தனித்தனியாக இருக்கட்டும், புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

புது அடுக்கு பழைய அடுக்கின்மேலிருந்து தகடாகப் பெயர்கிறது

ரிப்பேர் வேலையில் அடிக்கடி வருவது. பாலியெஸ்டர் 24 மணி நேரத்துக்குள் இருந்தால் மேலே போடும் அடுக்கு ஓரளவு வேதியியலாகவே பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் சொரசொரப்பில்தான் பிடித்தாக வேண்டும். மெழுகு கலந்த ரெசின் என்றால் மறுநாளே மேலே மெழுகுப்படலம் நிற்கும். முதலில் அசிட்டோனால் துடைத்துக் கறையை எடுங்கள், அப்புறம் 40 அல்லது 60 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து, தூசி எடுத்து, உடனே போடுங்கள். வரிசை மாறினால் மெழுகைக் கீறலுக்குள் தேய்த்து இறக்கினதாக ஆகிவிடும். தேய்த்த பிறகு ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக உருண்டால் மெழுகோ சிலிக்கானோ இன்னும் இருக்கிறது. டாஷ்போர்டு பாலீஷ் ஸ்ப்ரேயைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள், அதில் உள்ள சிலிக்கான் காற்றில் வந்து எல்லாவற்றின்மேலும் உட்காரும். எபாக்சியில் மேலே வழவழப்பாக ஒரு பிசுக்கு வந்தால் அது அமைன் படலம், எபாக்சியின் ஹார்ட்னரிலிருந்து மேலே வருவது, அசிட்டோன் அதைப் பரப்பத்தான் செய்யும், வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் போதும்.

வாக்குவம் போட்டும் உலர்ந்த திட்டு, மீட்டரோ 27க்கு மேல் ஏறவே இல்லை

வாக்குவம் முறையில் நார் அடுக்கைப் பையால் மூடி, பம்ப்பால் காற்றை உறிஞ்சி, ரெசினை உள்ளே இழுக்கவிடுவோம். கையேட்டில் 29 அங்குலம் என்று போட்டிருக்கிறது, எனக்கு 27தான் வருகிறது, பம்ப் போய்விட்டது என்று ஓசூரிலிருந்து சொல்வார்கள். பம்ப்பைக் கழற்றாதீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தமே கிட்டத்தட்ட 27 அங்குலப் பாதரசம்தான், இல்லாத காற்றை எந்தப் பம்ப்பாலும் உறிஞ்ச முடியாது. கிருஷ்ணகிரி டவுனில் அதே பம்ப் 28ஐத் தொடும். பம்ப்பை நிறுத்திக் குழாயை அடைத்துவிட்டு பத்து நிமிஷம் பாருங்கள், முள் அசையாமல் நின்றால் பையில் கசிவு இல்லை. அழுத்தம் கொஞ்சம் குறைச்சல் என்பதால் ரெசின் போகிற வழியை அதிகமாக வையுங்கள், ரெசின் ஓடும் வலையையும் குழாயையும் நெருக்கமாகப் போடுங்கள்.

கற்றாழை நாரும் தென்னை நாரும்: ரெசின் மேலே நிற்கிறது, உள்ளே பிடிக்கவில்லை

அரசம்பட்டி, போச்சம்பள்ளிப் பக்கம் தென்னை நார் கிடைக்கிறது, ரயில் கற்றாழை நாரும் சிலர் எடுக்கிறார்கள், இதை வைத்துப் பலகை, வண்டி உள்பாகம் செய்து பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். எனக்கும் இதில் ஆசை உண்டு. ஆனால் கண்ணாடி நாருக்குப் பழகிய கை இங்கே அப்படியே செல்லாது. இந்த நார்கள் தண்ணீரை விரும்புகிறவை, ரெசினோ பிளாஸ்டிக்கோ தண்ணீரை ஒதுக்குகிறவை, போதாததற்கு நாரின்மேல் மெழுகும் பசையும் வேறு. கற்றாழை நார் சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் பத்து சதவீதம் போல ஈரம் வைத்திருக்கும்.

காஸ்டிக் சோடா 5 சதவீதக் கரைசலில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்தால் மெழுகும் பசையும் கழன்று நார் சொரசொரப்பாகும், மெல்லிய இழைகளாகப் பிரியும், ரெசின் பிடிக்க இடம் கிடைக்கும். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அப்புறம் நிறையத் தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டு, லிட்மஸ் தாள் நிறம் மாறுவது நிற்கும் வரைக்கும் அலசுங்கள். அலசல் போதாவிட்டால் மிச்சக் காரம் பின்னால் ரெசினையே தின்னும். 70, 80 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவையுங்கள், காய்ந்ததும் மூடி போட்ட டப்பாவில் வைத்து அன்றே பயன்படுத்துங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் இன்னும் நல்லது என்று நினைத்து விட்டுவிட்டுப் போகாதீர்கள், அளவுக்கு மேல் ஊறினால் நாரின் பலமே குறையலாம்.

பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கோடு நாரைச் சேர்க்கிறவர்களுக்குச் சோடா மட்டும் போதாது. மலெயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிப்ரொப்பிலீனை மொத்த எடையில் 2 முதல் 5 சதவீதம் சேர்க்க வேண்டும், அதன் ஒரு பகுதி நாரோடு இணையும், வால் பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். சூடு 200 டிகிரியைத் தாண்டக்கூடாது. கருகிய வாசனை வந்தால் நார் போய்விட்டது, பலகை பொரித்த அப்பளம் மாதிரி உப்பினால் நார் காயவில்லை.

நார் வெளியே நீட்டவே இல்லை, கண்ணாடி டம்ளர் மாதிரி சட்டென்று உடைகிறது

இது எதிர்ப்பக்கம். பிடிப்பு மிக அதிகமாகி ரெசினும் மொரமொரப்பாக இருந்தால் ஒரு கீறல் நாரில் தயங்கி நிற்காமல் நாரையும் அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிடும். அடி வாங்கும் பாகத்துக்கு நார் கொஞ்சம் உருவிக்கொண்டு வருவதே நல்லது, அந்த உருவலில்தான் அடியின் வேகம் தீரும். கொஞ்சம் நீளும் குணமுள்ள ரெசினுக்கு மாறுங்கள், ரெசினை மாற்ற வேண்டிய நேரம் இதுதான்.

கடையிலிருந்து போகும்போது கல் மாதிரி, தண்ணீரில் ஆறு மாதம் நின்றதும் உரிகிறது

தொட்டி செய்கிறவர்களின் தலைவலி. காய்ந்த நிலையில் சோதித்தால் கெட்ட பிடிப்பும் நல்லதாகத்தான் தெரியும், தண்ணீர் மெதுவாக உள்ளே போய் நாருக்கும் ரெசினுக்கும் நடுவில் புகுந்த பிறகுதான் உண்மை வெளியே வரும். ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஒரே பலகையில் பத்துத் துண்டு வெட்டி, ஓரங்களுக்கு ரெசின் பூசி அடைத்து, ஐந்தைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மணி நேரம் போடுங்கள், ஐந்தை அப்படியே வையுங்கள். கொதித்தது ஆறினதும் இரண்டு வகையையும் கையால் வளைத்து உடைத்து லென்ஸில் பாருங்கள். கொதித்தது மட்டும் வெளுத்து நார் வெறுமையாக நின்றால் சிலேன் பொருத்தமோ ஈரமோதான், மேலே போய் அந்த இரண்டு பகுதிகளை மறுபடி படியுங்கள். பெரிய ஆர்டர் என்றால் ஏஎஸ்டிஎம் டி2344 என்று கேட்டு, சிறிய துண்டைக் குறுகிய இடைவெளியில் வளைத்துப் பார்க்கும் அடுக்குப் பிடிப்புச் சோதனையை ஒரு சோதனைக்கூடத்தில் செய்யச் சொல்லுங்கள், காய்ந்தது, கொதித்தது இரண்டுக்கும் தனித்தனியாக எண் வாங்குங்கள்.

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு புது ரோல் வரும்போதும் இந்தக் கொதிநீர்த் துண்டு ஒன்று போடுகிறோம். உடைத்த பிறகு ரோல் நம்பரும் தேதியும் மார்க்கரில் எழுதி, ஓட்டை போட்டு, கேட்டலிஸ்ட் அலமாரிக்கு எதிர்ச் சுவரில் ஆணியில் மாட்டிவைக்கிறோம். ஏதாவது பாகம் திரும்பி வந்தால் முதலில் போய்ப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.